வாக்கில்லாதவர்களின் வாக்காளர் அட்டை

எனக்கு இத்தாலியில் வாக்குரிமை கிடையாது. இலங்கையில் உண்டு, ஆனால் அந்த வாக்கைப் போடவேண்டிய பள்ளிக்கூடம் நெடுந்தீவில் இருக்கிறது, நான் பலெர்மோவில் இருக்கிறேன். இப்படி இரண்டு நாட்டிலும் வாக்களிக்க வழியில்லாத என்னைத்தான் 1994ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எங்கள் பங்குத் தமிழ்ச் சங்கம் தேர்தல் அதிகாரியாக நியமித்தது. நான் மறுக்கவில்லை. அறிவித்தலில் ‘திரு. அருளையா’ என்று அச்சடித்திருந்தார்கள். லிபெர்த்தாத் தெருவில் நான் துடைத்துக் கழுவும் வக்கீல் வீட்டுச் சின்யோரா ஐந்து வருடமாக என்னை ‘லுல்லோ’ என்றுதான் கூப்பிடுகிறா. ‘திரு’வைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது உண்மை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சுற்றுநிருபம். மார்ச் 27ஆம் திகதி இத்தாலியில் பொதுத் தேர்தல். அதற்கு முன்னதாக மேலிடத்திலிருந்து பங்குகளுக்கு ஒரு கடதாசி வந்திருந்தது. வாக்குரிமை உள்ள விசுவாசிகள் தேர்தலில் பங்குபற்ற வேண்டும், வேட்பாளர்களைப் பற்றி விசாரித்து அறிய வேண்டும், மனச்சாட்சிப்படி வாக்களிக்க வேண்டும், கோயில் எந்தக் கட்சியின் பக்கமும் நில்லாது. நல்ல கடதாசி. ஒரு குறையும் சொல்ல முடியாது. பங்குக் குரு டொன் கிறிகோரியோ அதைப் பூசையில் வாசித்துவிட்டு, கோயில் வாசல் பலகையில் குத்திவைத்தார். இத்தாலியர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். எங்கள் சங்கத் தலைவர் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை ஊரில் கூட்டுறவுச் சங்க மனேச்சராக இருந்தவர். இங்கே ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளைக் கழுவுகிறார். நான் வீட்டுக்குள்ளே கழுவுகிறேன், அவர் வெளியே கழுவுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனை குத்திக்கொண்டு அவர் வந்து நின்றால், நான் என்னையறியாமல் கையைக் கட்டிக்கொள்வேன். ஒருநாள் பஸ்ஸிலும் அப்படிக் கட்டி, பிடி தவறி ஒரு சிசிலியக் கிழவியின் மடியில் விழுந்திருக்கிறேன்.

பல்லாரோச் சந்தைக்குப் பின்னால், கோயிலோடு ஒட்டின மண்டபத்தில் கூட்டம் நடந்தது. எண்பது பேருக்கு மேல் வந்திருந்தோம். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை சுற்றுநிருபத்தை உயர்த்திப் பிடித்தார்.

“அன்பான சகோதர சகோதரிகளே! எங்களுக்கு வாக்கு இல்லையெண்டு சிலபேர் கதைக்கினம். உண்மைதான். ஆனால் ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ. வாக்கு இருக்கிறவன் அதைப் பிழையாப் போட இடமிருக்கு. எங்களுக்கு அந்த ஆபத்தே இல்லை. ஆனபடியால் முழுக் கவனத்தையும் நாங்கள் விழிப்புணர்விலை செலுத்தலாம். இத்தாலியன் செய்யேலாத அளவுக்குச் செலுத்தலாம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டுகிறேன் என்று பாதியில் ஒரு சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் நிறுத்தாததால் தொடர்ந்து தட்டினேன்.

இராசாத்தியக்கா மட்டும் எழும்பினா. கால்சாவில் வயோதிபர் இருவரைப் பராமரிக்கும் வேலை அவவுக்கு. யாருடைய கோட்டையும் கணக்கெடுக்காதவ.

“தம்பி, போடேலாத வாக்குக்கு வகுப்பு என்னத்துக்கு?”

“அக்கா, மோட்சத்தை நாங்கள் இன்னும் காணேல்லை. அதுக்காக ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராமல் விடுறமே?”

இராசாத்தியக்கா இருந்துவிட்டா. அண்ணையின் பதிலில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அது எங்கே என்று நான் கண்டுபிடிப்பதற்குள் மஞ்சள் அட்டைகள் கைக்கு வந்துவிட்டன.

‘வாக்காளர் விழிப்புணர்வு அட்டை.’ ஏழு கட்டங்கள். தவக்காலத்து வியாழக்கிழமைகள் ஆறு; ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முத்திரை. வீட்டுவேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம்தான் லீவு என்பது உலகத்துக்கே தெரியும்; அந்த லீவு இனி விழிப்புணர்வுக்கு. ஏழாவது முத்திரை குருத்து ஞாயிறன்று. இத்தாலியர் வாக்களிக்கும் அதே நாளில் நாங்களும் மண்டபத்தில் ஒரு ஒத்திகைத் தேர்தலில் வாக்களிப்போம். அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘அட்டை நிறைந்தவர்களுக்கு மட்டுமே சங்கத்தின் மூலம் பாதரின் சிபாரிசுக் கடிதம் பெற்றுத் தரப்படும்.’

அந்த வரியை நான் இரண்டு முறை வாசித்தேன்.

என் மனைவி அற்புதமலர் மன்னாரில் தாயோடு இருந்தாள். கலியாணம் முடிந்து எட்டு மாதம் சேர்ந்திருந்தோம். பிறகு ஐந்து வருடம் கடிதம்தான். அவளைக் கூப்பிடுவதற்கு என் பெயரில் ஒரு வீட்டு ஒப்பந்தம் வேண்டும். அல்பெர்கேரியாவில் ஒரு ஒழுங்கைக்குள் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்துவைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மீன்காரன் கத்துவது நேரே காதில் விழும். எனக்கு அது அரண்மனை. வீட்டுக்காரி ஒரு விதவை. “உன் முகத்தைப் பார்த்தால் நல்லவன் மாதிரித்தான் இருக்கிறது. ஆனாலும் நல்லவன் என்று குருவானவர் ஒரு கடிதம் தரட்டும், எழுதித் தருகிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் கொண்டு வா. பிந்தினால் அந்த மொரீஷியஸ்காரன் செல்வெனுக்குக் கொடுத்துவிடுவேன்” என்று சொல்லியிருந்தா.

பாதரின் கடிதம் வேண்டுமென்றால் எங்கள் வழக்கம் ஒன்றுதான். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையிடம் சொல்ல வேண்டும். அவர் எழுதிக்கொண்டு போய் ஒப்பம் வாங்கி வந்து தருவார். பாதரிடம் நேரே போகக்கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. போகலாம் என்றும் ஒருவரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது போதும்.

ஆகவே நான் விழிப்படைய முடிவுசெய்தேன். அற்புதமலருக்காக.

“இதிலை ஆருக்காவது தேர்தல் அனுபவம் இருக்கே?” என்று ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை கேட்டபோது என் கை தானாக உயர்ந்தது. அட்டை விரைவாக நிறையும் என்று நினைத்தேன். “ஊரிலை தேர்தல் கடமையிலை நிண்டனான்” என்றேன். பொய்யில்லை. எழுபத்தேழாம் ஆண்டு எங்கள் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் காலையிலிருந்து மாலைவரை நின்றேன். அதிகாரிகளுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தேன். அந்தப் பகுதியைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

முதல் வியாழன் மனச்சாட்சி பற்றிய வகுப்பு. மனச்சாட்சி எங்கே இருக்கிறது என்று கரும்பலகையில் ஒரு மனிதப் படம் கீறி ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை விளக்கினார். படத்தைப் பார்த்தால் அது ஈரலுக்குக் கிட்ட இருந்தது. இரண்டாம் வியாழன் வாக்குச்சீட்டு மடிக்கும் பயிற்சி. சின்யோராமாரின் மேசைத் துணிகளை வருடக்கணக்காக மடித்தவர்கள் என்றபடியால் இதில் நாங்கள் எல்லோரும் சிறப்புச் சித்தி. ஒருத்தர் தன் சீட்டை அன்னப்பறவையாகவே மடித்து வைத்தார்.

மூன்றாம் வியாழன் இலஞ்சம் மறுக்கும் பயிற்சி. இந்த ஊரில் தேர்தல் காலத்தில் வாக்குக்குப் பாஸ்தாப் பெட்டி கொடுப்பார்கள் என்று சந்தையில் ஒரு கதை உலவும். அதனால் சங்கம் ஒரு கிலோ பாஸ்தா வாங்கி மேசையில் வைத்தது. அண்ணை அரசியல்வாதியாக நடித்து அதை நீட்டுவார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் நெஞ்சில் கைவைத்து, “வேண்டாம், எனக்கு மனச்சாட்சி உண்டு” என்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டும். எண்பத்திரண்டு பேர் மறுத்தோம். வகுப்பு முடிந்தபோது பாஸ்தாவைக் காணவில்லை.

“நான்தான் எடுத்தனான்” என்றா இராசாத்தியக்கா. “எல்லாரும் மறுத்தாப் பிறகு அதை என்ன செய்யிறது? எலி தின்னட்டோ?”

நான்காம் வியாழன்தான் வேட்பாளர் பிரச்சினை வந்தது. ஒத்திகைக்கு வேட்பாளர் வேண்டும். இத்தாலியக் கட்சிகளைப் போட்டால் கோயில் அரசியல் பேசுகிறது என்பார்கள். எங்கள் நாட்டுக் கட்சிகளைப் போட்டால் மண்டபத்தில் கதிரை மிஞ்சாது. ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து அறிவித்தார்.

“புனிதர்கள்! இவையிலை ஒருத்தரும் எந்தக் கட்சியிலும் இல்லை. ஊழல் வழக்கு இல்லை. அதைவிட, இவை ஏற்கெனவே செத்தவை. ஆனபடியால் வெண்ட பிறகு மாறவும் மாட்டினம்.”

இதைவிடப் பொருத்தமான வேட்பாளர் பட்டியலை நானும் கண்டதில்லை. மாதாவை நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். ஆண்டவரின் தாயார் தோற்றுப்போனால் யார் பொறுப்பு என்று இன்னொருவர் கேட்டார். மாதா விலக்கப்பட்டா. யாழ்ப்பாணம், தீவுப் பக்கத்தாரின் சார்பில் அந்தோனியார். மன்னார்க்காரரின் சார்பில் செபஸ்தியார். ஊருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று பலெர்மோவின் காவலி சாந்தா ரொசாலியாவையும் மூன்றாவதாகப் போட்டோம்.

விழிப்புணர்வு அன்றோடு முடிந்தது. பிரசாரம் தொடங்கியது.

அந்தோனியார் அணிக்குத் தலைவன் கொட்வின். நெடுந்தீவான், என்னோடு ஒரே அறையில் படுப்பவன், ஐந்து வருடத்துக்கு முன் நான் வந்திறங்கிய அன்று தன் மெத்தையில் பாதியைத் தந்தவன். ‘தொலைந்த பெர்மெஸோவைக் கண்டெடுத்துத் தருபவர் யார்? சிந்தித்து வாக்களியுங்கள்!’ என்று அவன் சுவரொட்டி எழுதினான்; பெர்மெஸோ என்றால் எங்கள் வதிவிட அனுமதிப் பத்திரம், தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருவது அந்தோனியாரின் தொழில். செபஸ்தியார் அணிக்குத் தலைவன் பெனடிக்ற். அற்புதமலரின் பெரியப்பா மகன். கிழமைக்கு ஒரு கடிதம் மன்னாருக்கு எழுதுபவன். நான் எத்தனை மணிக்குத் தும்மினேன் என்பதுகூட என் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. ‘அத்தனை அம்பு பட்டும் அசையாதவர். கெஸ்தூராவில் உங்களுக்காக நிற்கக்கூடியவர்!’ என்பது அவனுடைய சுவரொட்டி. கெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வெளிநாட்டார் பிரிவில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று பழகிய எங்களுக்கு அந்த வாதம் நெஞ்சைத் தொட்டது.

சாந்தா ரொசாலியாவுக்காக ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று நான் ஊருக்கு வெளியே அவவின் மலைக்கோயிலுக்கு ஏறிப் போய் மெழுகுதிரி கொளுத்தியது அவவுக்குத்தான். இந்த ஊரில் காலூன்றிய எங்கள் ஆட்கள் எல்லோரும், சைவக்காரர் உட்பட, அந்த மலைக்குப் போனவர்கள்தான். வேலைக்கு அவவிடம் போனோம். வாக்கு என்று வந்ததும் ஊர்க்காரரிடம் போனோம்.

ஐந்தாம் வியாழனில் இரண்டு அணியும் ஒரே வாங்கில் இருக்க மறுத்தன. கொட்வின், செபஸ்தியாருக்கு நிர்வாக அனுபவம் போதாது என்றான். பெனடிக்ற், அந்தோனியார் பிறந்தது போர்த்துக்கல், அவரே இத்தாலிக்கு வெளிநாட்டார், அவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்டான். எங்கள் சங்கத்து அனிற்றாவின் பிள்ளை கோயிலில் முதல் நன்மை வாங்க இருந்தது. சட்டை தைக்கிறவ மற்ற அணி என்று துணியைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை மகிழ்ச்சியில் இருந்தார். “பாத்தீரோ அருளையா, சனம் எவ்வளவு விழிப்பாயிட்டுது!”

நான் என் பங்குக்குத் தேர்தல் விதிகள் எழுதினேன். பதினெட்டு விதிகள். மூன்று எழுதினாலே போதும். ஆனால் பேனை பிடித்த கை நிற்கவில்லை. ஒன்பதாம் விதி: தேர்தல் அதிகாரி நடுநிலை காப்பவராகையால் வாக்களிக்க முடியாது. பதினான்காம் விதி: இரு வேட்பாளர் சமமான வாக்குப் பெற்றால் தேர்தல் அதிகாரி ஒரு தீர்மான வாக்கு அளிப்பார். இரண்டும் கேட்க அழகாக இருந்தன. அச்சடித்து ஒட்டிய பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. ஓடினேன்.

“அண்ணை, நான் வாக்குப் போடேலாதெண்டால் எனக்கு ஏழாவது முத்திரை?”

“வாக்குப் போட்டவைக்குத்தான் ஏழாவது.”

“அப்ப கடிதம்?”

“அட்டை நிரம்பினாத்தான் கடிதம்.”

“வீட்டுக்காரி உயிர்த்த ஞாயிறு வரைக்கும்தான் அண்ணை தவணை தந்தவ.”

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை என் தோளில் கை வைத்தார். உண்மையாகவே கவலைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். “விதியை எழுதினது நீர்தானே, அருளையா. உமக்காக நான் விதியை மாத்தினால் சனம் என்ன சொல்லும்? அதிகாரியே விதியை மீறுறார் எண்டு சொல்லாதோ? உம்முடைய மரியாதையையும் நான் பாக்க வேணும்.”

என் மரியாதையைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்ட மனிதரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கிய பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன்.

குருத்து ஞாயிறு வந்தது. எதிர்ப்பக்கப் பள்ளிக்கூடத்தில் இத்தாலியர் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள், வாசலில் பொலிஸ். எங்கள் மண்டபத்தில் படுக்கை விரிப்பால் மறைப்புக் கட்டி, பென்சிலை நூலில் தொங்கவிட்டு, பிஸ்கற் ரின்னில் வாய் வெட்டி வாக்குப்பெட்டி செய்திருந்தோம். வாசலில் எங்களுக்குப் பொலிஸ் இல்லாததால் இராசாத்தியக்கா நின்றா. விரலில் பூச மை கிடைக்காமல் புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தைப் பூசினோம். அடுத்த நாள் எத்தனையோ சின்யோராமார் அந்த விரலைக் கண்டு பயந்து, கையுறை போட்டுச் சமைக்கச் சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பதினொரு மணிபோல ஒரு இத்தாலியக் கிழவர் உள்ளே வந்தார். எண்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றினார். கையில் அரசாங்கம் அனுப்பிய வாக்காளர் கடதாசி. என் மேசைக்கு நேரே வந்து அதை நீட்டினார்.

தேர்தல் எதிரே பள்ளிக்கூடத்தில் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என் மேசைக்கு வந்த கடதாசிகளிலேயே உண்மையான கடதாசி அது ஒன்றுதான். அதை இரண்டு கையாலும் வாங்கித் தடவிப் பார்த்தேன். கிழவர் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை வாசித்தார். புனிதர்களின் பெயரை ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை இத்தாலியனிலும் எழுதுவித்திருந்தார்.

“அந்தோனியோ. செபஸ்தியானோ. ரொசாலியா.” கிழவர் கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை வாசித்தார். “ஐம்பது வருடமாக வாக்களிக்கிறேன். இப்படி ஒரு நல்ல பட்டியலை இப்போதுதான் பார்க்கிறேன்.”

நான் தடுப்பதற்குள் வாக்குச்சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு விரிப்புக்குப் பின்னால் போய்விட்டார். திரும்பி வந்து சீட்டைப் பெட்டியில் போட்டு, “விவா சாந்தா ரொசாலியா!” என்று மண்டபம் அதிரக் கூவினார். ஊதா மருந்துக்கு விரலையும் நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. “சின்யோர், உங்கள் தேர்தல் எதிரே, பள்ளிக்கூடத்தில்.”

“அங்கே வேறு பட்டியலா?”

“ஆமாம்.”

“வேண்டாம் மகனே. இதற்குப் பிறகு அதை வாசிக்க மனம் வராது.” தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் விழிப்புணர்வு இயக்கத்தால் இத்தாலியத் தேர்தலில் ஏற்பட்ட மொத்த மாற்றம் இதுதான்: ஒரு வாக்குக் குறைந்தது.

பின்னேரம் எண்ணினோம். அந்தோனியார் நாற்பத்தொன்று. செபஸ்தியார் நாற்பத்தொன்று. சாந்தா ரொசாலியா ஒன்று.

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பதினான்காம் விதி என் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை எழும்பி, “தேர்தல் அதிகாரி இப்ப தன்ரை தீர்மான வாக்கை அளிப்பார்” என்றார். பிறகு குனிந்து என் காதுக்குள், “இதோடை உமக்கும் ஏழாவது முத்திரை விழும், அருளையா. பாத்தீரோ, விதிக்குள்ளையே வழி இருக்கு” என்றார்.

வழி இருந்தது. ஒரு புள்ளடி போட்டால் முத்திரை. முத்திரை என்றால் கடிதம், கடிதம் என்றால் வீடு, வீடு என்றால் அற்புதமலர். பென்சிலை எடுத்தேன். முன் வரிசையில் கொட்வின் இருந்தான். அந்தோனியாருக்குப் போடாவிட்டால் இன்றைக்கு என் மெத்தை தெருவில். அவனுக்கு எதிரே பெனடிக்ற் இருந்தான். செபஸ்தியாருக்குப் போடாவிட்டால் நாளைக்கே மன்னாருக்குக் கடிதம் போகும். ‘உன் புருசன் எங்கள் செபஸ்தியாரைத் தோற்கடித்தவன்’ என்று. பிறகு வீடு இருந்தென்ன, மாமியார் விட்டால்தானே மகள் விமானம் ஏறுவாள்.

பென்சிலைத் திரும்பக் கீழே வைத்தேன். மேசையில் கிடந்த சுற்றுநிருபத்தைக் கையில் எடுத்தேன். ஏதாவது வாசித்து நேரம் கடத்தலாம் என்பதுதான் என் திட்டம். முதல் வரியை உரக்க வாசித்தேன். “வாக்குரிமை உள்ள விசுவாசிகள்...” அதோடு நின்றுவிட்டேன். ஆறு வியாழக்கிழமை அந்தக் கடதாசியை வைத்துப் படித்தோம். அந்த முதல் இரண்டு சொல்லை ஒருவரும் படிக்கவில்லை.

“இந்த மண்டபத்திலை,” என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது, “வாக்குரிமை இருக்கிற ஆள் ஆராவது இருந்தால் கையைத் தூக்குங்கோ.”

ஒரு கையும் எழவில்லை. எண்பத்திரண்டு ஊதா விரல்கள் மடியில் கிடந்தன.

“ஊரிலை என்ரை பேர் இன்னும் பட்டியல்லை கிடக்குது,” என்றா இராசாத்தியக்கா மெல்ல. “வீடுதான் இல்லை.”

ஆறு கிழமையாக நாங்கள் எதை விளையாடிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரிப் பிடித்துப் பார்க்கிற ஆசை. அந்த ஆசையைத்தான் அண்ணை அட்டை அடித்து விநியோகித்தார், நான் பதினெட்டு விதி எழுதினேன்.

“சுற்றுநிருபத்தின்படி,” என்றேன், “இண்டைக்கு இஞ்சை செல்லுபடியான வாக்கு ஒண்டுதான் விழுந்திருக்கு. அது அந்தக் கிழவற்றை வாக்கு. எண்பத்திரண்டும் கழிவு. சாந்தா ரொசாலியா ஒண்டுக்குப் பூச்சியம் எண்ட கணக்கிலை வெண்டிட்டா.”

பிறகு பலபேர் இதைத் துணிச்சல் என்று சொன்னார்கள். துணிச்சல் இல்லை, பயம். இரண்டு பக்கத்துக்கும் பயந்தவன் மூன்றாவது கதவால் ஓடினான். அது நியாயத்தின் கதவாக இருந்தது தற்செயல்.

இரண்டு அணியும் ஒன்றாகத் தோற்றதில் ஒருவருக்கும் குறையில்லை; ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை மட்டும் அசையவில்லை. “தீர்மான வாக்கு அளிக்கேல்லை,” என்றார். “அளிக்காதவருக்கு முத்திரை இல்லை.” முத்திரையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை சின்யோராவிடம் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு, ஆறு முத்திரை அட்டையோடு டொன் கிறிகோரியோவின் அறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். ஐந்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் தாண்டிப் போன கதவு. வக்கீலின் வீட்டுக் கழிப்பறைக் கதவைத் தட்டாமலே திறந்து கழுவுகிறவன், இந்தக் கதவைத் தட்ட இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பாதர் உள்ளே முதல்நாள் குருத்து ஞாயிற்றில் மிஞ்சிய ஒலிவக் கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன?”

“என் விழிப்புணர்வு, பாதர். ஒன்று குறைகிறது.”

விளக்கிச் சொன்னேன். அவர் கிளையைக் கீழே வைத்தார். சிரிப்பாரோ என்று பயந்தேன், சிரிக்கவில்லை. “கடிதத்துக்கா? ஸ்தனிஸ்லாவோ கொண்டு வரும் கடிதத்தில் எல்லாம் நான் ஒப்பமிடுகிறேன். நீங்கள் எல்லோரும் கூச்சக்காரர், நேரே வர விரும்பமாட்டீர்கள் என்று அவன் சொன்னான். ஐந்து வருடத்தில் இந்தக் கதவைத் தட்டிய முதல் தமிழன் நீ.”

நின்றபடியே எழுதினார். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. அன்று பின்னேரமே வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவ வாசித்துவிட்டு, “இவ்வளவுதானா? ஏன் இவ்வளவு நாள்?” என்று கேட்டா. இத்தாலியனில் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தமிழிலும் தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையில் நல்லவனாக வந்திருப்பேன்.

பாதர் நேரே கடிதம் தருகிறார் என்ற செய்தி பரவியது. வியாழக்கிழமைகளில் அந்தக் கதவுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணைக்கு என்மேல் கோபம் இருந்தது, ஆனால் அவர் கோபத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் மனிதர் இல்லை. ஒரு நாள் என்னைத் தேடி வந்தார்.

“சனம் கண்டபடி கதவைத் தட்டுது, அருளையா. பாதர் பாவம். ஒரு ஒழுங்கு வேணும். ஒரு மேசை, ஒரு கதிரை, இலக்கத் துண்டு. பொறுப்பான ஒருத்தர். உம்மை விட்டால் ஆர் இருக்கினம்?”

சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய அட்டையை எடுத்தார். குத்தூசியோடு. ‘திரு. அருளையா, சந்திப்பு ஒழுங்கமைப்பாளர்.’

நான் மறுக்கவில்லை.

அடுத்த வியாழனிலிருந்து மேசையில் இருந்தேன். இலக்கத் துண்டு கொடுத்தேன். எதற்காகச் சந்திக்கிறீர்கள் என்று ஒரு படிவத்தில் எழுதி வாங்கினேன். படிவத்தை நானேதான் தயாரித்தேன், பதினொரு கேள்வி. எட்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினேன். இராசாத்தியக்கா படிவத்தைப் பார்த்து, “நீயுமோடா?” என்றா. அவவின் படிவத்தில் ஒப்பம் இல்லை என்று நான் சுட்டிக்காட்டினேன்.

நவம்பரில் அற்புதமலர் வந்தாள். விமான நிலையத்தில் அவளைக் கண்டதும் அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. மீன்காரன் கத்தும் ஜன்னலைத் திறந்து காட்டினேன். அவள் சிரித்தாள். மூன்றாம் கிழமை, வேலைக்குக் கேட்ட வீட்டில் பாதரின் கடிதம் வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை பின்னேரம் அவளும் வந்தாள். எனக்கு முன்னால் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

அவள் மேசைக்கு வந்தாள். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினேன் என்ற பேச்சு வரக்கூடாது. ஆகவே எழும்பாமல், குரலை ஒரு அளவில் வைத்துக்கொண்டு, பதினெட்டாம் இலக்கத் துண்டையும் படிவத்தையும் நீட்டினேன்.

“இதை நிரப்பிப்போட்டு வரிசையிலை நில்லும்.”

அற்புதமலர் துண்டைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். என் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, உள்ளை ஆள் இருக்கிறாரோ?”

“ஓம், இருக்கிறார். ஆனால்...”

“கதவு பூட்டியிருக்கோ?”

“இல்லை. ஆனால் முதல்ல...”

அவள் மேசையைச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினாள். “அவாந்தி” என்று உள்ளே வரச்சொல்லும் குரல் கேட்டது. போய்விட்டாள். வரிசையில் நின்ற பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள், கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார்கள். இராசாத்தியக்காதான் முதலில் தன்னுடையதை என் மேசையில் வைத்துவிட்டு நடந்தா. பிறகு ஒவ்வொருவராக வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

துண்டுகளை இலக்க வரிசைப்படி அடுக்கினேன். அடுக்கி முடிந்ததும் செய்ய வேறு வேலை இருக்கவில்லை. குத்தூசியைக் கழற்றினேன், விரலில் குத்திவிட்டது. மேசையைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு, பத்தொன்பதாவது ஆளாக நானும் உள்ளே போனேன்.